நெடுங்கல்முனைக் கோட்டைக் கல்

பாலையூற்று, திருகோணமலை
16.06.1957, ஞாயிறு

ரபீக்கா,

"அன்புள்ள" என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டு தாள் கிழிந்ததுதான் மிச்சம். ஆகவே வெறும் பெயர்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவை அரசாங்கக் கந்தோருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிளாக்கர் அப்பாமேல் முறைப்பாடு செய்த ஒரு பெட்டிசத்தை எடுத்து மேசையில் போட்டார். "இந்தா பிள்ளை, உன்ர தகப்பனுக்கு வாசிச்சுக் காட்டு."

அடியில் ஊர்த்தலைவர் விதானையாரின், அதாவது உன் வாப்பாவின், ஒப்பம் இருந்தது. அதற்கு மேலே முழுவதும் உன் எழுத்து. ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து உன் கொப்பியைப் பார்த்து எழுதியவள் நான். என் எழுத்தை மறந்தாலும் உன் எழுத்தை மறக்கமாட்டேன்.

"கல்லுக்கோட்டையின் காவற்காரனாகிய சூசைப்பிள்ளை என்பவன், தன் காவலில் உள்ள கற்களைத் தானே பெயர்த்து விற்று..."

என்பவன். உன்னைத் தோளில் இருத்தி ஏணியால் கோட்டை மேல்வாசலுக்கு ஏற்றிய மனிதன். நீ காய்ச்சலில் கிடந்தபோது மூதூரிலிருந்து மருந்து வாங்கி, கடற்கரை மணலில் நடந்தே கொண்டுவந்து தந்த மனிதன். அவரை "என்பவன்" என்று எழுதியிருக்கிறாய். அதை அவருக்கே நான் உரக்க வாசித்தேன். நாலு கிளாக்கர்மார் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். கிளாக்கர் தாளை இழுத்து எடுத்துவிட்டார். "மிச்சத்தை விசாரணையில கேக்கலாம்."

வெளியே வந்து அப்பா கேட்டது ஒன்றுதான். "ஆர் பிள்ளை எழுதினது? வடிவாய் எழுதியிருக்கு போல."

யூலை பதினெட்டாம் திகதி விசாரணை. குற்றம் என்று தீர்த்தால் வேலை போவதோடு முடியாது. வழக்கு, பிறகு மறியல்வீட்டில் கம்பி எண்ணவேண்டும். அவர் எந்த நாளில், என்ன செய்ததாக எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் எதை மறுப்பது? கல் களவு போகிறது என்று அப்பா சொல்லச் சொல்லக் கொழும்புக்குக் கடிதம் எழுதியவள் நான். அவரே கள்ளன் என்று எழுதியவள் நீ. உனக்குத்தான் தெரியும். பெட்டிசத்தில் உள்ளதை எழுதி அனுப்பு.

இதைத் தோணிக்கார மஹ்ரூப் காக்காவிடம் கொடுக்கிறேன். தோணியில் வரும்போது வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருவார்.

சீலா


நெடுங்கல்முனை
23.06.1957, இரவு

அன்பின் சீலா,

நீ எழுதாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.

நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் இருந்து எழுதுகிறேன். வாப்பா இருமும்போதெல்லாம் குப்பி விளக்கை ஊதி அணைக்கிறேன். பிறகு இருட்டில் இருந்து, அவர் குறட்டை விடும்வரை எண்ணுகிறேன். ஆகவே என் எழுத்து இன்றைக்கு வடிவாக இல்லை. அது நல்லதுதான். அந்த வடிவான எழுத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் டானியல் கொந்தராத்துக்காரர் வந்தார். இறங்குதுறைக்கு ரோட்டுப் போடுகிறவர். கதிரையில் இருந்து உம்மாவின் வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "விதானையார், சூசை கொழும்புக்கு எழுதிப்போட்டான். கல்லு குறையுது எண்டு ஆர் கணக்குக் கேட்டாலும் உங்களைத்தான் கேப்பாங்கள். நாங்க முந்தவேணும்."

வாப்பா என்னைக் கூப்பிட்டார். "மகள், கொப்பியை எடு. உன்ர எழுத்துக்குத்தான் கந்தோரில மரியாதை."

நான் ஒரு தரம் சொன்னேன் சீலா, அல்லாஹ் அறியச் சொன்னேன். "வாப்பா, சூசைப்பிள்ளை மாமா எடுக்கல்லையே."

"இடிஞ்ச கல்லுக்கு எவன் எடுத்தா என்ன? ரோட்டில போட்டா சனம் நடக்கும். கோட்டையில இருந்தா வௌவால் பீச்சும். எழுது புள்ள." டானியல் சிரித்தார். நான் "சூசைப்பிள்ளை அவர்கள்" என்று தொடங்கினேன். வாப்பா எட்டிப் பார்த்து, "கள்ளனுக்கு என்ன அவர்கள்? 'என்பவன்' எண்டு போடு" என்றார். போட்டேன். எழுத்து நடுங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

மாமாவை வேலையால் நிறுத்திய நாளிலிருந்து கோட்டையைக் கேட்க ஆளில்லை. நீங்கள் பாலையூற்றுக்குப் போனபோது ஏணியும் உங்களோடு போய்விட்டதால் மேல்வாசலால் ஏற ஏலாமல், கீழ்ச்சுவரில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை போட்டார்கள். நூற்றாண்டுக் கணக்காகத் தரையில் வாசல் இல்லாமல் நின்ற கோட்டைக்கு இப்போது ஒரு வாசல் இருக்கிறது. நாயும் போய்வருகிறது. உள்ளேயிருந்து பெயர்க்கிற கல்லில் பாதி ரோட்டுக்கு. மிச்சம் எங்கே என்று கேள். எங்கள் புது வீட்டுக்கு.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க நினைத்தேன். மேல்வாசல் படிக்கல் ஞாபகம் இருக்கிறதா? எட்டு வயதில் ஆணியால் கீறி உன் பெயரும் என் பெயரும் எழுதினோம். மாமா ஏசிவிட்டு, பிறகு தானே துடைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் கல்லை எங்கள் புதுக் கக்கூசில் கால் வைக்கிற கல்லாகப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் உன் பெயரில் வலது காலையும் என் பெயரில் இடது காலையும் வைத்துக் குந்துகிறேன். தண்ணீர் ஊற்றினால் எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பெட்டிசத்தில் மிச்சம் என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை. என்னிடம் கேட்காதே. "இந்தக் கதை வெளிய போச்செண்டா அண்டையோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது, சாச்சாட மகனுக்கு நிக்காஹ்" என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைச் செய்வார்.

ரபீக்கா


பாலையூற்று
30.06.1957

ரபீக்கா,

ஞாபகம் இல்லையா? ஐந்தாம் வகுப்பில் நான் உன்னிடம் இரவல் வாங்கித் தொலைத்த பென்சிலின் நிறம் உனக்கு ஞாபகம். கொந்தராத்துக்காரர் தின்ற வட்டிலப்பம் எத்தனை துண்டு என்பது ஞாபகம். பெட்டிசம் மட்டும் மறந்துவிட்டதாக்கும்.

பொய்யை வாப்பாவுக்காக எழுதினாய் என்று பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். எனக்கும் ஒன்று எழுதுகிறாய்.

கல் கக்கூசில் கிடப்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் காலையில் எழும்பிக் கடற்கரைக்குப் போகிறார். குடாவுக்கு அக்கரையில், வெயில் ஏற முதல், கோட்டை ஒரு பல்லுப்போலத் தெரியும். கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "மேல்மாடி இருக்கு" என்று மாமி மரியம்மாவிடம் சொல்வார். மாமியும் ஏதோ நோயாளியைப் பற்றிக் கேட்டதுபோல, "இருக்குமண்ணே, இருக்கும்" என்பார். போன புதன்கிழமை பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

எத்தனை தரம் அவர் வாயால் கேட்டிருப்போம்! அடிவரிசைக் கல் பறங்கி வர முந்தியது, எந்த ராசா வைத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. அதன்மேல் பறங்கி கட்டினான். ஒல்லாந்தன் உச்சியில் பீரங்கி ஏற்றினான். வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்தான். கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்போம். கடைசிப் பகுதிக்கு மட்டும் எழும்பி இருப்போம்: யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று, ஆறடி மொத்தச் சுவருக்குள் ஊர்ச்சனம் முழுவதும் இருந்த கதை. ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றியவர் அப்பா. நிறைவயிற்றோடு ஏற ஏலாமல் நின்ற உன் உம்மாவைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அந்த வயிற்றுக்குள் இருந்தவள் நீதான். கீழே இருந்து முதுகு கொடுத்துத் தாங்கியவர் யார் என்று உன் உம்மாவைக் கேள். அப்படியே, பயத்தில் எல்லாருக்கும் முந்தி ஏறிப்போனவர் யார் என்றும் கேள். அப்போது அவர் விதானையார் இல்லை.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. எழுதுவதென்றால் எழுது. இல்லையென்றால் பேசாமல் இரு. ஞாபகம் இல்லை என்று மட்டும் எழுதாதே.

சீலா


நெடுங்கல்முனை
10.07.1957, இரவு

சீலா,

உம்மாவைக் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "அதையெல்லாம் இப்ப எதுக்குக் கேக்கிற?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சூசையண்ணன்தான்" என்றார். மற்றதைக் கேட்டதும் மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

முதலில் கெட்ட செய்தி. கோட்டை இனி இல்லை. சனிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, வெடி வைத்தார்கள். ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கக் கூலி கட்டாதாம். முதல் வெடிக்குத் தூசிதான் வந்தது. இரண்டாம் வெடிக்கு ஒரு மூலை கழன்றது. டானியல் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூஷணத்தால் ஏசினார். மூன்றாம் வெடிக்கு முழுவதும் உட்கார்ந்தது. சாய்ந்து விழவில்லை, களைத்த ஆள்போல அப்படியே இருந்துவிட்டது. பட்டப்பகலில் வௌவால்கள் கிளம்பிக் கண் தெரியாமல் ஆட்களின் முகத்தில் மோதின. எத்தனையோ வருஷத்து வௌவால் பீ தூளாகி ஊர் முழுக்கப் படிந்தது. கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கும் நாறுகிறது. பெருநாள் இறைச்சியும் அதுதான் மணத்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள், மணக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தூசி அடங்க முதலே சனம் வண்டில் கொண்டு ஓடியது. ஒருவருக்கு ஆட்டுக்கொட்டிலுக்கு, ஒருவருக்குக் கிணற்றடிக்கு. ஆமினா உம்மா தனியாக ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "என்ன புள்ள முழிக்கிற? எல்லாரும் எடுக்காங்க. நான் ஒருத்தி விட்டா மட்டும் கோட்டை எழும்பி நிக்குமா?" என்றார். நல்ல மனுஷி அவர். மஹ்ரூப் காக்காவின் மாமியார். அதுதான் எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

இப்போது நீ கேட்டது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பயத்தில் பொய் எழுதினேன். சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்றைக்கு வாப்பா மூதூருக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்து முதற்பிரதியைப் பார்த்து எழுதினேன். இதோ:

"1957 ஏப்ரல் மாதம் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணியளவில், ஊர் ஆண்கள் யாவரும் பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகையில் இருக்கும் வேளை பார்த்து, மேற்படி சூசைப்பிள்ளை என்பவன் தன் ஏணியை வைத்துக் கோட்டையின் மேல்வாசலால் ஏறி, நான்கு கூலிகளுடன் கல் பெயர்த்துத் தோணியில் ஏற்றியதை, சுகவீனம் காரணமாக வீட்டில் நின்ற நான் என் கண்ணால் கண்டேன்."

வெள்ளிக்கிழமை என்று சொன்னது வாப்பா. "நோன்பு மாசத்தில ஒரு வெள்ளியைப் போடு. ஜும்மா நேரமெண்டா ஊரில சாட்சி கேக்க ஏலாது, எல்லாரும் பள்ளிக்குள்ள" என்றார். டானியல் தொடையில் தட்டி, "விதானையாருக்கு மூளை!" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து அவருக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆணும் வரமாட்டார். அதற்காகத்தான் அந்த நேரம். இது உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

ரபீக்கா


பாலையூற்று
21.07.1957, ஞாயிறு

அன்பின் ரபீக்கா,

ஓம், "அன்பின்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். "ஏப்ரல் பத்தொன்பது வெள்ளி" என்றதும் மாமி மரியம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். "அண்ணே! பெரிய வெள்ளியெல்லே!"

நாங்கள் சிலுவையடியில் அழுகிற நாள். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு தொடங்கி மூன்று மணிவரை அப்பா பட்டணத்துக் கோயிலுக்குள் இருந்தார். சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளியில் சிலுவையிலிருந்து ஆண்டவருடைய சுரூபத்தை இறக்குகிறவர் அவர்தான். சிலுவை உயரம், வேறு ஏணி எட்டாது என்று கோட்டை ஏணியைத்தான் கொண்டுபோவார். வியாழன் மஹ்ரூப் காக்காவின் தோணியில் போன ஏணி சனிக்கிழமைதான் திரும்பியது. அந்த ஏணியில் நின்றுகொண்டு அப்பா ஆணி கழற்றியதை எழுநூறு சனம் முழந்தாளில் இருந்து பார்த்தது!

விசாரணைக்குக் கோயில் சுவாமியார் வந்தார். பாட்டுக்காரர் வந்தார்கள். விசாரிக்க வந்த துரை பெட்டிசத்தை வாசித்துவிட்டு, "பெரிய வெள்ளி மத்தியானமா?" என்று இரண்டு தரம் கேட்டார். உன் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஜும்மாவை யோசித்தவர் மற்றதை யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த டானியல் வேதக்காரன்தானே? பெட்டிசம் எழுதும்போது அவருக்காவது உறைக்கவில்லையா? பெரிய வெள்ளியில் கோயிலுக்குப் போகிறவருக்கல்லவோ உறைக்கும்.

மஹ்ரூப் காக்காவைக் கூப்பிட்டார்கள். விதானையாருக்கு எதிரே நின்று நடுங்கிக்கொண்டு சொன்னார்: "ஓம் துரை, வியாழக்கிழமை ஏணி ஏத்தினனான். சனிக்கிழமை இறக்கினனான். நடுவில கோட்டையில ஏறுறதெண்டா சூசையண்ணனுக்குச் செட்டைதான் முளைச்சிருக்கவேணும்." எல்லாரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார்.

அப்பா குற்றமற்றவர் என்று எழுதிவிட்டார்கள். மறியல் இல்லை, வழக்கு இல்லை. சந்தோஷப்பட்டாயா? பொறு. அடுத்த வரியையும் வாசித்தார்கள். "கட்டிடம் தற்போது இல்லாதபடியால் காவற்காரர் பதவி அவசியமில்லை." அப்படியானால் கல்லை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்டார். "அது வேற விஷயம், வேற பெட்டிசம் போடும்" என்றார் துரை. வெளியே மரத்தடியில் டானியல் துரைக்கு இளநீர் வெட்டுவித்துக் கொடுத்ததையும் கண்டோம். ஓட்டைப் பிடித்து உறிஞ்சினார். சட்டையில் ஒழுகியது.

ஒன்று கேட்கவேண்டும். நீ அந்தத் திகதியைத் தெரிந்துதானே போட்டாய்? அப்பா அப்படித்தான் சொல்கிறார். "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. தகப்பனுக்குத் தெரியாமல் என்னைக் காப்பாத்திப் போட்டுது" என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறார். செபத்தில் உன் பெயரையும் சேர்க்கிறார். ஓம் என்று எழுது. நான் முதற்கடிதத்தில் ஏசியதெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை எரிக்கவில்லை, மன்னி. மாமியின் தையற்பெட்டிக்குள் இருக்கிறது.

உன் சீலா


நெடுங்கல்முனை
04.08.1957, இரவு

அன்பின் சீலா,

ஓம் என்று எழுத இரண்டு கிழமை முயன்றேன். மாமாவின் செபத்தில் என் பெயர் இருக்கிறது என்று வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இல்லை சீலா. எனக்குத் தெரியாது. கலண்டரில் நோன்பு மாதத்து வெள்ளிகளைப் பார்த்தேன்; நாலு இருந்தது. மூன்றாவதை எழுதினேன். ஏன் மூன்றாவது என்று கேட்டால், முதல் இரண்டிலும் வாப்பா எழுதிய ஏதோ குறிப்பு இருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் திகதியை எழுதியிருந்தால் மாமா இன்றைக்கு மறியலில். அதே வடிவான எழுத்தில் எழுதியிருப்பேன். இதை மாமாவிடம் சொல்லு. சொல்ல மனம் வராவிட்டால் செபத்திலிருந்து என் பெயரையாவது எடுக்கச் சொல்லு.

இன்னும் இருக்கிறது. விசாரணைக்கு முதலே நீங்கள் சாட்சிகளோடு தயாராக வந்ததால், பெட்டிசத்தில் இருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று வாப்பா கண்டுபிடித்துவிட்டார். என்மேல் சந்தேகமே இல்லை. "என்ர மகளுக்கு வாய் இல்லை" என்று டானியலிடம் பெருமையாகச் சொன்னார். மஹ்ரூப் காக்காதான் என்று முடிவு. அவருக்கு எதிராகப் புதுப் பெட்டிசம்: கோட்டைக் கல்லைக் களவாகத் தோணியில் ஏற்றி விற்றவர் அவராம். தோணியைப் பறிமுதல் செய்யவேண்டுமாம். அவருக்கு மூன்று பிள்ளைகள். நான்தான் சொன்னேன் என்று வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு நாளாக அவர் வீட்டுப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்கூடம் போய்வந்தேன். என்னைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா கூப்பிட்டார். "மகள், கொப்பி. இந்த முறை கவனம். வெள்ளியும் வேணாம், ஞாயிறும் வேணாம், வேதக்காரர்ர பெருநாளும் வேணாம். யூனில ஒரு நாளைப் போடு."

"எந்த நாள் வாப்பா?"

"நீயே பார்த்துப் போடு. உனக்குத்தான் கலண்டர் தெரியும்."

பார்த்துப் போட்டேன். யூன் ஐந்தாம் திகதி, புதன்கிழமை. அந்தக் கிழமை முழுவதும் மஹ்ரூப் காக்காவின் தோணி கிண்ணியாவில் தச்சன் வளவில் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பலகை கழற்றி, ஓட்டை அடைத்து, எண்ணெய் பூசினார்கள். தச்சனும் அவன் ஆட்களும் சாட்சி. தோணி இல்லாமல் வாப்பாவே அந்தப் புதன்கிழமை மூதூருக்கு நடந்து போய்க் கால் வீங்கி வந்தார். நான்தான் எண்ணெய் தடவினேன். அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

இதை நீ எரிக்கவேண்டாம். தையற்பெட்டியிலும் வைக்காதே. சுவாமியாரிடம் கொடு. மஹ்ரூப் காக்காவுக்கு விசாரணை வரும்போது, இது என் எழுத்து என்று காட்ட இந்தத் தாளையும் புதுப் பெட்டிசத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இருக்காது. சாச்சாட மகன் இருப்பான். பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் இரண்டு தரம் விளக்கை அணைத்தேன்.

போன முறை தெரியாமல் போட்ட திகதி. இந்த முறை தெரிந்து போட்டேன். இதற்கு வேண்டுமானால் மாமா என் பெயரைச் சேர்க்கட்டும்.

வாப்பா முழுவதையும் வாசித்துப் பார்த்தார். திகதியில் விரலை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒப்பம் வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"வடிவான எழுத்து மகள்."

நான் பின்வளவுக் கக்கூசடிக்குப் போய்க் கை கழுவினேன். நம் பெயர் கீறிய அந்தக் கல்லில் ஏறாமல், வெறும் மண்ணில் நின்று.

ரபீக்கா